நகரத்துக்குள் கால்பந்து அரங்கத்துக்கு இடம் தேடுவது: முழுமையான வழிகாட்டி

நகரத்துக்குள் அரங்கத்துக்கு இடம் தேடும் வேலையில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே வரைபடத்தைத் திறந்துவிடுகிறார்கள். பெரிய காலி மனை ஒன்று கண்ணில் படுகிறது. அதன் மேல் ஆடுகளத்தை வரைந்து பார்க்கிறார்கள், பொருந்துகிறது. அன்றிலிருந்து அதுதான் "நம்ம இடம்". அடியில் பெரிய கழிவுநீர்க் குழாய் போவதும், பக்கத்து ரயில் நிலையம் அவ்வளவு கூட்டத்தைத் தாங்காது என்பதும் தெரியவரும்போது பணமும் காலமும் போயிருக்கும். மனசு வேறு அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆடுகளம் பொருந்துமா என்பது எளிய கேள்வி. ஆட்டம் முடிந்ததும் இருபதாயிரம் பேர் எந்தத் தெருவில் நடந்து, எதில் ஏறி வீட்டுக்குப் போவார்கள் என்பதே இடத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. அந்தக் கேள்வி சீக்கிரமே வரும்படி கீழே படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். செலவு குறைந்த சோதனைகள் முன்னால் வருகின்றன, செலவு கூடியவை பின்னால். வரிசையை மாற்றாமல் போனால், ஒத்துவராத இடங்கள் உங்கள் பணத்தைத் தின்பதற்கு முன்பே கழன்றுவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரசிகர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்ற பட்டியல் வேண்டும். டிக்கெட் வாங்கியவர்களின் அஞ்சல் குறியீடுகள் போதும். பெயரும் முகவரியும் தேவையில்லை. இப்போதைய மைதானத்தின் குத்தகை எப்போது முடிகிறது என்ற தேதி வேண்டும். நிலத்துக்கும் நிலத்தைத் தயார்படுத்தவும் சேர்த்து எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பு எழுத்தில் இருக்க வேண்டும். "வேண்டாம்" என்று சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். அவர் இல்லாத குழு எந்த இடத்தையும் கைவிடாது.

ஆட்கள் என்று பார்த்தால் முதலில் போக்குவரத்துப் பொறியாளர், நில ஆவணம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர், நில அளவையாளர். கட்டடக் கலைஞர் அப்புறம் வரட்டும். அழகான படம் ஒன்று சீக்கிரம் கைக்கு வந்துவிட்டால், எல்லோரும் அந்தப் படத்துக்காக வாதாட ஆரம்பித்துவிடுவார்கள்.

1. இருக்கை எண்ணிக்கையை முதலில் முடிவு செய்யுங்கள்

"இருபதிலிருந்து நாற்பதாயிரம் வரை, இடத்தைப் பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டு தேடினால் எந்த இடத்தையும் எடைபோட முடியாது. இருபதாயிரத்துக்கு அருமையாக இருக்கும் இடம் நாற்பதாயிரத்துக்கு ஆபத்தானதாக இருக்கலாம்.

எண்ணை எடுப்பதற்கு வழக்கமான ஆட்டங்களுக்கு வரும் கூட்டத்தைப் பாருங்கள். இறுதிப்போட்டிக்கு ஒரு நாள் வந்த கூட்டத்தைப் பார்த்தால் கணக்கு தவறும். நகரத்துக்குள் கட்டப்பட்டவற்றில் லண்டனின் பிரென்ட்ஃபோர்டு அரங்கம் 17,250 இருக்கை, வாஷிங்டனின் ஆடி ஃபீல்டு சுமார் 20,000. நியூயார்க் சிட்டி கிளப் வில்லெட்ஸ் பாயின்ட்டில் திட்டமிட்டது 25,000. மூன்றுமே பெரிய நகரங்கள். இருந்தும் கிளப்புகள் தங்கள் கூட்டத்துக்கு ஏற்ற எண்ணோடு நின்றிருக்கின்றன.

கூடவே இரண்டாவது எண் ஒன்றையும் எழுதி வையுங்கள்: பிற்காலத்தில் அதிகபட்சம் எத்தனை வரை பெருக்க நினைக்கிறீர்கள்? அந்த வாய்ப்பு வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பக்கமாவது வளர இடம் இருக்க வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ப்ராவிடென்ஸ் பார்க் அரங்கத்தில் அப்படி இடம் இல்லை. 2019-ல் சுமார் 4,000 இருக்கைகளைச் சேர்க்க, தெருவை ஒட்டிய ஒரே பக்கத்தில் செங்குத்தாக அடுக்கு மேல் அடுக்காக உயர்த்த வேண்டியிருந்தது. முடியாத காரியம் இல்லை, ஆனால் ஒவ்வொரு இருக்கையும் விலை கூடியதாகிவிடுகிறது.

2. எண்ணிக்கையை நிலமாக மாற்றுங்கள்

இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் எந்த மனையைப் பார்த்தாலும் கண்ணே சொல்லிவிடும்.

சர்வதேச ஆட்டங்களுக்கான ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோட்டுக்கு வெளியே ஓடி நிற்கும் இடம், விளம்பரப் பலகை, மாற்று ஆட்டக்காரர்கள் உடல் சூடேற்றும் இடம் எல்லாம் சேர்த்து 125-க்கு 85 மீட்டர் என்று ஃபிஃபா பரிந்துரைக்கிறது. இதுதான் நடுவில் உள்ள செவ்வகம்.

சுற்றிலும் 25 வரிசை இருக்கை வைப்பதாக எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு 80 சென்டிமீட்டர் என்றால் 20 மீட்டர். வரிசைகளுக்குப் பின்னாலும் அடியிலும் நடைகூடம், கழிப்பறை, கடை, படிக்கட்டு இருக்கும். அதற்கு இன்னும் 15 மீட்டர். ஆக ஒவ்வொரு பக்கமும் 35 மீட்டர் கூடி, கட்டடம் 195-க்கு 155 மீட்டர் ஆகிறது. கிட்டத்தட்ட 3 ஹெக்டேர்.

இதில் எத்தனை பேர் உட்காரலாம்? நடு வரிசையின் சுற்றளவு சுமார் 500 மீட்டர். ஆளுக்கு அரை மீட்டர் என்றால் வரிசைக்கு ஆயிரம் பேர். நடைபாதைக்கும் வாயிலுக்கும் பத்து முதல் பதினைந்து சதவீதத்தைக் கழித்து 25 வரிசைக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 22,000. கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் இந்த 22,000-ஐயே வைத்துக்கொள்கிறேன்.

புதியவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். கட்டடத்துக்கு வெளியே கூட்டம் நிற்கவும் நகரவும் சுற்றுவட்டம் வேண்டும். வாகனத்தை மோதவிடும் தாக்குதலைத் தடுக்கவும் இடைவெளி வேண்டும். நாலு பக்கமும் 20 மீட்டர் விட்டால் 235-க்கு 195 மீட்டர், அதாவது நாலரை ஹெக்டேர், சுமார் 11 ஏக்கர். ஒரு பக்கத்தில் அகலமான தெருவோ பூங்காவோ இருந்து, ஆட்ட நாளில் அதை மூடிக்கொள்ள எழுத்தில் அனுமதி கிடைத்தால் அதையும் இந்த வட்டத்தில் சேர்க்கலாம். அனுமதி வாய்மொழியாக இருந்தால் சேர்க்க வேண்டாம்.

இன்னும் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஆடுகளத்தின் நீளம் ஏறக்குறைய வடக்கு தெற்காக இருக்க வேண்டும். கிழக்கு மேற்காக வைத்தால் மாலை ஆட்டத்தில் ஒரு பக்கத்து கோல்கீப்பரின் கண்ணில் நேராக வெயில் அடிக்கும். முதன்மை கேலரியையும் கேமராக்களையும் மேற்குப் பக்கம் வைப்பது வழக்கம், அதற்கும் காரணம் மாலை வெயில்தான். தெரு ஓரத்துக்கு இணையாக அரங்கத்தைத் திருப்பி வைத்தால் அழகாகப் பொருந்தும் மனை, திசையைச் சரியாக்கியதும் பொருந்தாமல் போவது அடிக்கடி நடக்கும்.

டிவி ஒளிபரப்பு லாரிகள், ஆம்புலன்ஸ், அணிப் பேருந்துகள், சரக்கு வண்டிகள் ஆகியவை கூட்டத்தின் பாதையை வெட்டாமல் உள்ளே வர ஒரு தனி வாயில் தேவை. மனைக்கு ஒரே ஒரு தெரு முகப்புதான் என்றால் இதில்தான் சிக்கும்.

எல்லாம் சேர்ந்த வடிவத்தை உங்கள் வரைபடத்தின் அதே அளவீட்டில் அட்டையில் வெட்டி, வடக்கு அம்புக்குறி போட்டு, மனைகளின் மேல் வைத்துப் பாருங்கள். கணினியில் செய்வதைவிட இது வேகமானது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரியும்.

3. வெளியேறும் கணக்கைப் போடுங்கள்

இந்தப் படியை நிறையப் பேர் அனுமதி கேட்கும் கட்டத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். அதை இங்கேயே, மனைகளைப் பார்ப்பதற்கு முன்பே செய்யச் சொல்கிறேன். கூட்டத்தை ஏற்றிக்கொள்ளும் ரயில் பாதையும் தெருவும் நகரத்தில் ஏற்கெனவே இருக்கும் இடத்தில்தான் இருக்கும். அவற்றை நம்மால் நகர்த்த முடியாது. ஆகவே தேடும் பரப்பை அவைதான் வரைய வேண்டும்.

ஆட்டத்துக்கு வருபவர்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறுகச் சிறுக வந்து சேர்வார்கள். போகும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நடப்பார்கள். அதனால் உள்ளே வரும் கணக்கு சரியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

வாயில் அகலத்தில் தொடங்குவோம். பிரிட்டனில் பின்பற்றப்படும் அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டுதலின்படி சமதரையில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் அதிகபட்சம் 8 நிமிடத்தில் வெளியேறும் பாதைக்குள் வந்து, அங்கிருந்து தடையில்லாமல் நகர வேண்டும். 22,000 பேருக்கு நிமிடத்துக்கு 2,750 பேர். சமதரை என்றால் மொத்தம் சுமார் 34 மீட்டர் வாயில், படிக்கட்டு என்றால் சுமார் 42 மீட்டர். உங்கள் நாட்டு விதி வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

வாயிலைத் தாண்டிய தெருதான் உண்மையான நெருக்கடி. மனையிலிருந்து நிலையத்துக்குப் போக 3 மீட்டர் நடைபாதை ஒன்றுதான் இருக்கிறது என்று வையுங்கள். அதே வேகத்தில் நிமிடத்துக்கு 246 பேர். 22,000 பேரும் அதில் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். 12 மீட்டர் தெருவை வண்டி இல்லாமல் மூடிக் கொடுத்தால் 22 அல்லது 23 நிமிடம். ஒரு தெருவை மூட முடியுமா முடியாதா என்ற ஒரே விஷயத்தில் ஒரு மனை தேறுவதும் தேறாததும் இருக்கிறது. ஒரே திசையில் மட்டும் வழி இருக்கும் மனையை நான் எடுத்துக்கொள்ளவே மாட்டேன்; அந்த ஒரு வழியில் ஏதாவது நடந்துவிட்டால் கூட்டத்துக்குப் போக்கிடம் இல்லை.

அடுத்து ரயில். ரயிலுக்கு 1,000 பேர், 4 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 15,000. கணக்கு இத்தோடு நின்றால் இனிமையாக இருக்கும். ஆனால் ரயில் காலியாக வராது. பாதி நிரம்பி வருகிறது என்றால் மணிக்கு 7,500 பேருக்குத்தான் இடம். ரசிகர்களில் 60 சதவீதம் பேர், அதாவது 13,200 பேர், ரயிலில் போவதாக இருந்தால் கடைசி ஆள் ஏற ஒன்றே முக்கால் மணி நேரம். வேறு பாதையில் இன்னொரு நிலையமும் நடக்கும் தூரத்தில் இருந்தால் இது ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். இரண்டு பாதைகளுக்கு நடுவில் உள்ள சுமாரான மனை, ஒரே பாதையை ஒட்டிய அருமையான மனையைவிட மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

நிலையம் பக்கத்தில் இருப்பதையும் அது பயன்படுவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். லண்டனில் அர்செனலின் எமிரேட்ஸ் அரங்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஹாலோவே ரோடு நிலையம் இருக்கிறது. கூட்டத்தைத் தாங்கும்படி அது விரிவாக்கப்படவில்லை. அதனால் ஆட்ட நாட்களில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு, ரசிகர்கள் மற்ற நிலையங்களுக்கு நடக்கிறார்கள். லிவர்பூலில் எவர்ட்டன் கிளப் 2025-ல் குடிபோன துறைமுக அரங்கத்துக்கு அருகிலுள்ள சாண்ட்ஹில்ஸ் நிலையத்தில், கூட்டத்தை வரிசையில் நிறுத்துவதற்கென்றே தனி இடம் ஏற்படுத்த வேண்டியிருந்தது. நிலையத்துக்கு முன்னால் சில ஆயிரம் பேர் பாதுகாப்பாகக் காத்திருக்கத் திறந்தவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் வரிசை தெருவில் நிற்கும்.

நடை தூரமும் மிகக் குறைவாக இருக்கக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிட நடை கூட்டத்தை நீளமாக இழுத்து மெல்லியதாக்குகிறது. வாசலைத் தாண்டியதும் நிலையம் என்றால் மொத்தக் கூட்டமும் நடைமேடையில் போய் முட்டும்.

ரசிகர்களின் அஞ்சல் குறியீடுகளை இப்போது வரைபடத்தில் இடுங்கள். எந்தத் திசையிலிருந்து எத்தனை பேர் என்று தெரியும். அந்தத் திசைகளின் ரயில், மெட்ரோ, பேருந்துப் பாதைகள் சந்திக்கும் பகுதிகளைச் சுற்றி வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களுக்குள் மட்டும்தான் இனி தேடல்.

4. நீண்ட பட்டியலை உருவாக்குங்கள்

வட்டங்களுக்குள் "விற்பனைக்கு" என்று பலகை வைத்த மனைகளை மட்டும் பார்த்தால் பட்டியல் காலியாக இருக்கும். நகரத்துக்குள் நாலரை ஹெக்டேர் விற்பனைக்கு வருவது அரிது. வேறொரு வேலையில் இருக்கும், ஆனால் அந்த வேலையை இடம் மாற்ற முடிகிற நிலத்தைத் தேட வேண்டும்.

பேருந்துப் பணிமனைகள், ரயில் யார்டுகள், பயன்படாத துறைமுகத் துறைகள், குப்பை கையாளும் நிலையங்கள், மொத்தச் சந்தைகள், எரிவாயு ஆலை இருந்த நிலங்கள், பெரிய பார்க்கிங் வெளிகள். இவையெல்லாம் ஒரே உரிமையாளர் கையில் இருக்க வாய்ப்புள்ளவை, அதுதான் பெரிய பலம். செயின்ட் பால் நகரின் அலையன்ஸ் ஃபீல்டு பழைய பேருந்துப் பணிமனை நிலத்தில் 2019-ல் வந்தது. பக்கத்திலேயே இலகு ரயில் நிலையம். அர்செனல் குப்பை கையாளும் வசதியும் தொழில் கூடங்களும் இருந்த நிலத்தை எடுத்து, அவற்றுக்கு மாற்று இடம் அமைத்துக் கொடுத்து, 2006-ல் அரங்கத்தைத் திறந்தது. பிரென்ட்ஃபோர்டு மூன்று பக்கமும் ரயில் பாதை சூழ்ந்த முக்கோணத் துண்டை எடுத்தது. வீடு கட்டுபவர்கள் தயங்கும் வடிவம் அரங்கத்துக்கு ஒத்துவரலாம்.

இப்போதைய மைதானத்தையும் கட்டாயம் பட்டியலில் சேருங்கள். பில்பாவோவில் புதிய சான் மாமேஸ் அரங்கம் பழையதன் மேல் பாதி ஏறி நிற்கும்படி கட்டப்பட்டது. 2013-ல் மூன்று பக்கக் கேலரிகளோடு திறந்து, பழையதை இடித்த இடத்தில் நான்காவதை முடித்தார்கள். அக்கம்பக்கம் ஏற்கெனவே ஆட்ட நாட்களுக்குப் பழகியிருக்கும், பாதைகளும் தேர்வாகியிருக்கும். புது இடத்தின் கவர்ச்சியில் இதை யாரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பொதுப் பூங்காவை மட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. விலை குறைவாகத் தோன்றும். நகரத்தில் மக்களுக்கு இருக்கும் திறந்தவெளியை எடுப்பது நியாயமும் இல்லை, எதிர்ப்பும் சட்டச் சிக்கலும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

5. மேசையிலேயே கழித்துவிடுங்கள்

ஒரு மனைக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். நிலத்தடி மெட்ரோ, பெரிய கழிவுநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், உயர் அழுத்த மின்தடம் ஆகியவற்றின் வரைபடங்களை வாங்கிப் பாருங்கள். பின்னர் வெள்ள வரைபடம், விமானப் பாதையின் உயரக் கட்டுப்பாடு, பாரம்பரியக் கட்டடப் பட்டியல். கூரையும் விளக்கும் சேர்ந்து பல மாடி உயரம் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

எத்தனை பேர் கையில் நிலம் இருக்கிறது என்றும் எண்ணுங்கள். இரண்டு மூன்று உரிமையாளர் என்றால் பேசலாம். முப்பது பேர் என்றால், அரசின் கையகப்படுத்தும் அதிகாரம் துணையில்லாமல் அது நடக்காது.

மதிப்பெண் அட்டவணை போட்டு எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. இந்தக் கட்டத்தில் அது தவறான கருவி. வெள்ளத்துக்குப் பூஜ்யம் வாங்கிய மனை, விலைக்கும் தோற்றத்துக்கும் அதிக மதிப்பெண் வாங்கி மேலே ஏறிவிடும். தேறுமா தேறாதா என்று மட்டும் பாருங்கள். ஒன்றில் தேறாவிட்டாலும் மனை வெளியே.

6. தேறியவற்றை நடந்து பாருங்கள்

ஆட்டம் முடியும் நேரத்தில் போங்கள். வார நாள் இரவு ஒன்று, வார இறுதி மாலை ஒன்று. மனையின் நடுவிலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் நடங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் குழந்தையைக் கூட்டிவருபவருக்கும் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டே நடங்கள். எங்கே நடைபாதை சுருங்குகிறது, எங்கே சிக்னலுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, எங்கே விளக்கு இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ரயில் பாலத்துக்கு அடியில் போகும் குறுகலான தெரு வரைபடத்தில் சாதாரணக் கோடாகத்தான் தெரியும். நேரில் போய் நின்றால்தான் அது கூட்டத்தின் கழுத்தை நெரிக்கும் இடம் என்று புரியும்.

மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், முதியோர் இல்லம் எங்கே இருக்கின்றன என்றும் பாருங்கள். நீங்கள் மூட நினைக்கும் தெரு ஆம்புலன்ஸ் போகும் தெருவாக இருக்கக் கூடாது.

பக்கத்தில் உயரமான கட்டடம் இருந்தால் அதன் நிழல் ஆடுகளத்தில் எவ்வளவு நேரம் விழும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். வெயிலும் காற்றும் இல்லாத புல் தேறாது. விளக்கு வைத்து வளர்க்கலாம், ஆனால் அது ஆண்டுதோறும் வரும் செலவு.

7. மண்ணைச் சோதியுங்கள்

மூன்று மனைகளுக்கு மேல் மிச்சம் இருக்கும்போது இதைத் தொடங்காதீர்கள். துளையிட்டுச் சோதிப்பது செலவு பிடிக்கும் வேலை. முதலில் நிலத்தின் பழைய பயன்பாடுகளைப் பழைய வரைபடங்களிலிருந்து எழுதச் சொல்லுங்கள். எங்கே துளையிடுவது என்பதை அதுதான் சொல்லும்.

நகரத்துக்குள் மலிவாகக் கிடைக்கும் பெரிய நிலம் மலிவாக இருப்பதற்கு அடிக்கடி மண்ணில்தான் காரணம் இருக்கும். வில்லெட்ஸ் பாயின்ட்டில் பல ஆண்டுகள் வாகனப் பழுதுபார்ப்புக் கடைகள் இருந்ததால் மண்ணைச் சுத்தப்படுத்திய பிறகுதான் எதையும் கட்ட முடிந்தது. மயாமியில் அரங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மெல்ரீஸ் கோல்ஃப் மைதானத்தின் மண்ணில் ஆர்செனிக் இருந்தது. பச்சைப் புல் போர்த்திய நிலம் சுத்தமான நிலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நீர்நிலையாக இருந்தால் கணக்கே வேறு. எவர்ட்டன் அரங்கம் எழுந்த பிராம்லி மூர் துறையை நிரப்ப, கடலடியிலிருந்து அள்ளிய சுமார் 4,80,000 கன மீட்டர் மணல் தேவைப்பட்டது. அந்தத் துறை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் வேறு இருந்தது. 2021-ல் லிவர்பூல் அந்தத் தகுதியை இழந்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் இந்த அரங்கமும் ஒன்று. ஆற்றங்கரை, கடற்கரை மனைகளின் படம் மயக்கும். மண் அறிக்கையும் பாரம்பரிய அறிக்கையும் வரும்வரை அந்தப் படத்தை யாருக்கும் காட்ட வேண்டாம்.

அறிக்கை வந்ததும் கேட்க வேண்டியது, சுத்தப்படுத்த எவ்வளவு ஆகும், அதை யார் கொடுப்பது என்பதுதான். விற்பவரின் விலையிலிருந்து அது கழியவில்லை என்றால் நிலம் மலிவானதே இல்லை.

8. நிலத்தைக் கட்டிப்போடுங்கள், வாங்கிவிடாதீர்கள்

கட்டட அனுமதி கிடைக்கும் முன்பே நிலத்தை வாங்கிவிடுவது பெரிய ஆபத்து. ஒப்பந்தமே இல்லாமல் அறிவிப்பதும் ஆபத்து, மறுநாளே விலை ஏறும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது, குறிப்பிட்ட விலையில் குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கும் உரிமையை ஒரு சிறு தொகை கொடுத்துப் பெறும் ஒப்பந்தம். அனுமதி வராவிட்டால் அந்தத் தொகையோடு போகும்.

எல்லாத் துண்டுகளுக்கும் இந்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை கிளப்பின் பெயர் வெளியே வரக் கூடாது. நடுவில் ஒரே ஒரு துண்டு பாக்கி இருக்கும்போது செய்தி கசிந்தால், அந்தத் துண்டின் உரிமையாளர்தான் உங்கள் திட்டத்தின் விலையை முடிவு செய்வார். வாயில் வரும் துண்டையும் ஆம்புலன்ஸ் வழித் துண்டையும் முதலில் பிடியுங்கள். ஓரத்துத் துண்டு இல்லாமல் சமாளிக்கலாம், வழி இல்லாமல் முடியாது. ஒப்பந்தக் காலம் அனுமதிக்கு ஆகும் காலத்தைவிடத் தாராளமாக நீளட்டும்.

சில நேரம் பணத்தைவிட மாற்று நிலம் வேலை செய்யும். அமெரிக்காவின் சின்சினாட்டி கிளப்பின் இப்போதைய அரங்கம் வந்த இடத்தில் பள்ளி மைதானம் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே புது மைதானம் கட்டிக் கொடுக்கும் உடன்பாட்டின் பேரில்தான் நிலம் கைக்கு வந்தது. இடம் மாறும் தரப்புக்கு முதலில் கட்டிக் கொடுங்கள், அப்புறம் உங்கள் வேலையைத் தொடங்குங்கள். வாக்குறுதி மட்டும் கொடுத்துவிட்டு இடித்துவிட்டால் அந்த ஊரில் உங்களை யாரும் நம்பமாட்டார்கள்.

9. அக்கம்பக்கத்தாரிடம் படம் வரையும் முன் பேசுங்கள்

ஒப்பந்தங்கள் கையெழுத்தான அன்றே இந்த வேலை தொடங்க வேண்டும். முடிந்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டி "கருத்து சொல்லுங்கள்" என்றால், தங்களைக் கேட்காமலே முடிவாகிவிட்டது என்று மக்கள் சரியாகவே புரிந்துகொள்வார்கள்.

அவர்கள் கேட்கப்போவது எங்கும் ஒன்றுதான்: எங்கள் தெருவில் யார் வண்டி நிறுத்துவார்கள், எத்தனை இரவு சத்தம் இருக்கும், விளக்கு எங்கள் ஜன்னலில் அடிக்குமா, வாடகை ஏறி நாங்கள் கிளம்ப வேண்டியிருக்குமா. பார்க்கிங்குக்கு நேரான பதில் உண்டு. எவர்ட்டன் அரங்கத்தைச் சுற்றி 30 நிமிட நடை தூரத்துக்கு ஆட்ட நாள் பார்க்கிங் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பிரைட்டன் கிளப் 2011-ல் ஃபால்மர் அரங்கத்தைத் திறந்தபோது ஆட்ட டிக்கெட்டிலேயே பேருந்து, ரயில் பயணத்தைச் சேர்த்துக் கொடுத்தது. வாடகைக் கேள்விக்கு அப்படி எளிய பதில் இல்லை. அதற்காக அதைத் தவிர்க்கக் கூடாது. ஏழை மக்கள் வாழும் பகுதி என்றால் நில விலை குறைவு, எதிர்ப்பும் குறைவாக இருக்கும் என்று எண்ணி இடம் தேர்வு செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. யாராவது வீடு மாற வேண்டியிருந்தால் அதே பகுதியில் மாற்று வீடு என்பதை உங்கள் செலவுக் கணக்கில் முதலிலேயே போடுங்கள். அது தாங்காவிட்டால் அந்த மனை உங்களுக்குத் தாங்காது.

ஆண்டில் ஆட்டம் நடக்கும் நாட்கள் முப்பதுக்குள்தான் இருக்கும். மற்ற நாட்களில் அந்தத் தெருவில் என்ன இருக்கும் என்பதே பக்கத்தில் வசிப்பவருக்கு முக்கியம். பாசெலின் சென்ட் யாகோப் பார்க் அரங்கத்தோடு கடைகளும் முதியோர் குடியிருப்பும் சேர்ந்தே கட்டப்பட்டன. மூடிய சுவரைவிட அது நல்ல அண்டை வீடு.

வாக்கெடுப்பு உள்ள ஊர் என்றால் அதற்கும் காலம் ஒதுக்குங்கள். சூரிச்சில் ஹார்ட்டூர்ம் நிலத்தில் அரங்கம் கட்டும் திட்டத்தை மக்கள் 2013-ல் மறுத்தார்கள். வேறு திட்டத்தை 2018-லும் 2020-லும் ஏற்றார்கள். அதற்குப் பிறகும் மேல்முறையீடுகள் தொடர்ந்தன.

10. இரண்டாவது இடத்தைக் கைவிடாதீர்கள்

முதல் இடத்துக்கு முழு அனுமதி வந்து, மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை இரண்டாவது இடத்தின் ஒப்பந்தமும் உயிரோடு இருக்கட்டும். அதற்கு ஆகும் தொகை வீண் என்று கணக்காளர் சொல்வார். ரோமா கிளப் 2012-ல் டோர் டி வாலே என்ற இடத்தை அறிவித்து, 2021-ல் அதைக் கைவிட்டு, பியெட்ராலாட்டா பகுதியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மயாமியில் 2014-ல் துறைமுகத்தில் தொடங்கிய தேடல் இன்னும் மூன்று இடங்களைக் கடந்து, கோல்ஃப் மைதானத்துக்கு 2018-ல் வாக்கெடுப்பும் 2022-ல் நகர ஆணையத்தின் ஒப்புதலும் கிடைக்கும்வரை நீண்டது. இவ்வளவு காலம் பழைய மைதானத்தில் ஆட முடியுமா என்பதைக் குத்தகைத் தேதியோடு வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது இடம் இருப்பது விற்பவருக்கும் நகர நிர்வாகத்துக்கும் தெரிந்திருக்கட்டும். பேச்சில் அது உதவும். ஆனால் பொய்யாக ஒன்றைக் காட்டி மிரட்ட வேண்டாம். அந்த இடத்து மக்கள் அதை உண்மை என்று நம்பித் தங்கள் வீடு, கடை பற்றி முடிவெடுப்பார்கள்.

இரண்டு இடங்களுக்கும் மூன்றாம் படியின் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பியுங்கள். ரயில் அட்டவணை மாறும், புதுக் குடியிருப்பு வந்து வண்டிகள் நிரம்பும், மூடலாம் என்றிருந்த தெருவில் பேருந்துத் தடம் வரும். இதனால் முதல் இடமும் இரண்டாம் இடமும் இடம் மாறினால் மாற்றிக்கொள்ளுங்கள். கட்டடக் கலைஞரை முழு வேலைக்கு அமர்த்துவது கடைசியாகப் போட்ட இந்தக் கணக்கு கையில் வந்த பிறகுதான்.